தருமன் மகன் தன்னை அறிமுகம் செய்துகொண்ட கதை

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில், கோட்டைக்குப் பின்புறத் தெருவில் ஒரு சங்கம் இருந்தது. 'ஆராய்ச்சி மற்றும் தலைமைத்துவ மாணவர் உபகாரச் சம்பள மகா சங்கம்' என்பது அதன் முழுப் பெயர். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவனுக்கு அங்கே பாதி இடம் கிடைத்துவிடும் என்று ஊரில் பேச்சு. மிச்சப் பாதி, சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்ளத் தெரிந்தவனுக்கு.

சரித்திரப் புத்தகங்களில் தேட வேண்டாம், கிடைக்காது. கோட்டையைப் பற்றியும் கல்லறைகளைப் பற்றியும் வளைத்து வளைத்து எழுதியவர்கள் இந்தச் சங்கத்தை விட்டுவிட்டார்கள் என்றால் அவர்கள் மேல் குற்றமில்லை. எழுதுகிற மாதிரி அங்கே எதுவும் நடக்கவில்லை.

துணி வியாபாரத்தில் வாரிக் குவித்துவிட்டுக் காய்ச்சலில் செத்துப்போன ஒரு துரையின் மனைவிதான் அதை ஏற்படுத்தியவள். இந்தக் கரையில் பிறந்த புத்திசாலிப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஒல்லாந்து தேசத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கப்பலேற்றி, ஆராய்ச்சியும் தலைமைத்துவமும் படிக்க வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தன் ஊருக்குப் போய்விட்டாள். நல்ல மனசுக்காரி. 'கப்பலேறுமுன் பிள்ளைகள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்துகொள்ளட்டும்' என்று கடைசியாக ஒரு வார்த்தை சேர்த்தாளே, அதுதான் அவள் செய்த தப்பு. சங்கம் அந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மற்றதையெல்லாம் விட்டுவிட்டது.

மணல்மேட்டுக் குப்பத்து அங்கமுத்து அந்தச் சங்கத்துக்குள் போனது ஒரு கேள்வியால்தான். பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க வந்த சங்கத்தார், ஏரிக்கரையில் படகை விட்டு இறங்கியதும், "யாருக்காவது ஏதாவது சந்தேகம் உண்டா?" என்று மரியாதைக்குக் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை என்பதால் அது பாதுகாப்பான கேள்வி. ஆனால் அங்கமுத்து முன்னால் வந்து, ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரம் சில வருஷம் ஏன் மணல் மூடிக்கொள்கிறது, மூடின பிறகு வேறு இடத்தில் ஏன் திறந்துகொள்கிறது என்று கேட்டுவிட்டான். சங்கத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "இது ஆராய்ச்சி" என்றார் ஒருவர். உடனே அவனைப் பல்கலைக்கழக மாணவன் என்று அறிவித்துவிட்டார்கள். பதிலும் அவர்களிடம் இருக்கும் என்று அங்கமுத்து நம்பினான்.

அவனுடைய அம்மா வேலம்மா அவன் நடை பழகுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பன் தருமன்தான் எல்லாம். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய வலையை இனி ஒருத்தனாகப் பிடிக்க வேண்டும் என்பது தருமனுக்குத் தெரியும். அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மகனைப் படகில் ஏற்றிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒன்றே ஒன்று சொன்னான்.

"யாராச்சும் நீ யாருன்னு கேட்டா, தருமன் மகன்னு சொல்லு. போதும்."

"ஒல்லாந்துலயா நைனா?"

"ஏன், அங்க தண்ணி இல்லையா இன்னா?"

சங்கத்தின் மண்டபம் முன்பு துணி மூட்டைகள் அடுக்கிய கிடங்கு. சாயவேர் வாசனை இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. நடுவில் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். மாணவன் அதன் மேல் ஏறி, வலது கையை நெஞ்சில் வைத்து, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். முதலில் பெயர், பிறகு தடை, அதன் பிறகு திருப்புமுனை, தலைமை, கனவு. மணல் கடிகாரத்தில் மணல் இறங்கி முடிகிற வரை பேச வேண்டும். முடிந்ததும் மற்றவர்கள் விரல் நுனியால் மட்டும் கை தட்டி, "உங்களை அறிந்து நெகிழ்ந்தோம்" என்று ஒரே குரலில் சொல்வார்கள். உள்ளங்கை பட்டால் அது சந்தைக் கைதட்டல் என்று விதி.

இதையெல்லாம் நடத்தியவர் சங்கத்தின் காரியதரிசி சுப்பராயலு. துரைமார்களுக்கும் நெசவாளிகளுக்கும் நடுவே நின்று பேரம் பேசிப் பழகியவர். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குப் பிடித்த மாதிரி மாற்றிச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள அந்தக் கரையில் ஆளில்லை.

முதலில் ஏறியவன் காட்டூர் கங்காதரன். பஞ்சத்தில் வயல் வெடித்ததையும், கஞ்சிக்கு வழியில்லாமல் தான் நட்சத்திரங்களை எண்ணிப் பசியை மறந்ததையும், அந்த நட்சத்திரங்களே தன்னை வானசாஸ்திர ஆராய்ச்சிக்கு அழைத்ததையும் சொன்னான். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். போன வாரம்தான் காட்டூரிலிருந்து நெல் வண்டிகள் வரிசையாக வந்து சங்கத்துக் களஞ்சியத்தில் இறங்கியிருந்தன. முதல் வண்டியில் மூட்டை மேல் சாய்ந்துகொண்டு வெற்றிலை போட்டபடி வந்தவர் கங்காதரனின் தகப்பனார்.

அடுத்து பொன்னேரி லோகநாதன். சிறு வயதிலேயே தெருப் பிள்ளைகளைத் திரட்டி, ஒரு மாந்தோப்பின் விளைச்சலைக் காவல்காரனுக்குத் தெரியாமல் நிர்வகித்த தன் தலைமைத்துவத்தை அவன் விவரித்தான். அதற்கும் நெகிழ்ந்தார்கள்.

பிறகு அங்கமுத்து ஏறினான்.

"நான் தருமன் மகன் அங்கமுத்து. மணல்மேட்டுக் குப்பம். முகத்துவாரம் ஏன் அடைச்சிக்குதுன்னு தெரிஞ்சிக்க வந்தேன்."

இறங்கப் போனான். சுப்பராயலு கையைக் காட்டி நிறுத்தினார். கடிகாரத்தில் மணல் அப்படியே இருந்தது. அது இறங்கி முடிகிற வரைக்கும் அங்கமுத்து பெட்டி மேல் நின்றான். மற்றவர்கள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருவன் இருமினான். அன்று அந்தப் பெட்டி மேல் நின்ற நேரத்தைப்போல நீளமான நேரத்தை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை.

அறிமுகம் முடிந்தால் ஆராய்ச்சி ஆரம்பம் என்றுதான் அவன் நினைத்தான். ஆனால் எல்லோரும் சொல்லி முடிப்பதற்குள் புது மாணவன் ஒருவன் வந்து சேர்ந்துவிடுவான். அவன் மற்றவர்களை அறியாதவன் ஆயிற்றே என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். இடையில் கோட்டையிலிருந்து ஏதாவது ஒரு துரை வந்தால் அவருக்காக ஒரு தடவை. துரையின் நாய்க்காக ஒரு தடவை நடந்ததாகச் சொல்வது மிகை. நாய் அந்தப் பக்கம் சும்மா வந்தது, சுப்பராயலுதான் துரையும் பின்னால் வருகிறார் என்று நினைத்து ஆரம்பித்துவிட்டார். ஆரம்பித்த பிறகு நிறுத்துவது சங்க மரபில் இல்லை.

இதற்கிடையில் கப்பல் வந்தது, சரக்கேற்றியது, காற்று திரும்புமுன் கிளம்பிப் போனது. மாணவர்களை ஏற்ற முடியவில்லை. அறிமுகம் பூர்த்தியாகவில்லை.

அங்கமுத்துவுக்குப் படிப்பு இல்லாததுகூடப் பெரிதாகப் படவில்லை. பேச ஆளில்லாததுதான் அவனைத் தின்றது. காலையில் எழுந்தால் ராத்திரி வரைக்கும் சத்தம், ஆனால் ஒருத்தன்கூட அவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. ஒருநாள் கிணற்றடியில் கங்காதரன் நின்றுகொண்டிருந்தான். அங்கமுத்து ஆசையாகப் பக்கத்தில் போய், "தண்ணி சேந்தித் தரட்டா?" என்றான்.

கங்காதரன் அவனை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரு?" என்றான்.

"உங்க பக்கத்துப் பாயிலதானே படுக்கறேன்."

"படுக்கறது தெரியும். யாருன்னு கேக்கறேன்."

"அங்கமுத்து. தருமன் மகன்."

"ஓ, அந்தச் சின்ன அறிமுகமா? பெட்டி மேல நின்னிருந்தா அடையாளம் தெரிஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு, கங்காதரன் வாளியோடு போய்விட்டான்.

அங்கமுத்து கிணற்றுச் சுவரில் சாய்ந்து அழுதான். தினம் தினம் தன் பெயரைக் கேட்கிற இத்தனை பேரில், அந்தப் பெயரைச் சொல்லி ஒருத்தன் கூப்பிட மாட்டேன் என்கிறானே என்று அவனுக்கு ஆற்றாமை பொங்கியது.

சில நாள் கழித்துச் சுப்பராயலு அவனைத் தன் அறைக்கு அழைத்தார்.

"உம்முடைய அறிமுகத்தை யோவான் துரை கேட்டார்" என்று ஆரம்பித்தார். யோவான் துரைதான் சங்கத்தின் தலைவர். "கேட்டுவிட்டு, இந்தப் பிள்ளைக்கு என்ன குறை என்றார். நானும் தேடிப் பார்த்தேன். உமக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை."

"எனக்குப் புரியலைங்க ஐயா."

"கஷ்டம் இல்லாதவனை ஒல்லாந்துக்கு அனுப்பினால் அங்கே நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? தாயார் இருக்கிறாளா?"

"இல்லீங்க. சின்ன வயசுலயே செத்துட்டாங்க. அத வேணா சொல்லட்டுங்களா?"

சுப்பராயலு உதட்டைப் பிதுக்கினார். "தாயில்லாதவர்கள் ஏற்கனவே நிறைய சேர்ந்துவிட்டார்கள். இனி ஒருவனைச் சேர்த்தால் துரைக்குக் கண்ணீர் வராது. தகப்பனார்?"

"கீறாருங்க."

"திடமாகவா?"

"நல்லா திடமா கீறாரு."

காரியதரிசி பெருமூச்சு விட்டார். "மீன்பிடிக்கிறவர்தானே. கடலுக்குப் போய்த் திரும்பி வரத் தாமதமானது உண்டா?"

"ஒரு தபா புயல்ல மாட்டிக்கினாருங்க. அப்ப நான் சின்னப் பையன். மூணு நா கரையிலயே குந்தினு இருந்தேன். செத்துட்டாருன்னே நெனச்சேன். அப்பறம் பார்த்தா..."

"நிறுத்தும்!" என்று கத்திவிட்டார் சுப்பராயலு. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அங்கேயே நிறுத்தும். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்."

"ஆனா நைனா திரும்பி வந்துட்டாருங்களே!"

"வரட்டும். அவர் வந்ததைச் சொல்ல வேண்டியது அவருடைய அறிமுகத்தில். இந்தச் சங்கத்தில் யாரையும் நாங்கள் பொய் சொல்லச் சொல்வதில்லை, தெரிந்துகொள்ளும். உண்மையைத் தகுந்த இடத்தில் நிறுத்தச் சொல்கிறோம். தலைமைத்துவம் என்றால் வேறென்ன என்று நினைத்தீர்? இல்லை, எனக்கு முடியாது என்றால், நாளைக்கே உம்மைக் குப்பத்துக்கு அனுப்பிவிடுகிறேன். பேசத் தெரியாதவன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம்."

இரண்டு நாள் அங்கமுத்து பிடிவாதமாக இருந்தான். அந்த இரண்டு நாளும் யாரும் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவன் பெட்டி மேல் ஏறி, கையை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, சுப்பராயலு திருத்திக் கொடுத்த தமிழில் சொன்னான். "கடல் என் தந்தையைக் கொண்டுபோனது. மூன்று நாள் கரையில் காத்திருந்தேன். அலை வந்தது. அவர் வரவில்லை. அன்றுதான், முகத்துவாரத்தின் மர்மத்தைக் கண்டறிவேன் என்று உறுதி பூண்டேன்."

மணல் கடைசித் துகள் வரை இறங்கியது. சுப்பராயலு அதை ஒல்லாந்து பாஷையில் மாற்றிச் சொன்னதும், யோவான் துரை எழுந்து நின்று உள்ளங்கையாலேயே தட்டிவிட்டார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் கங்காதரன் தன் இலையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். "அங்கமுத்து, இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கோ" என்றான். லோகநாதன் தோளில் கை போட்டான். பெயர் தெரியாதவர்கள்கூட வந்து, "அங்கமுத்து, அங்கமுத்து" என்றார்கள். அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். ராத்திரி பாயில் படுத்த பிறகுதான், பெட்டி மேல் நின்று சொன்னது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து அவனுக்குத் துணை இருந்தது, நைனா இல்லை.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. யோவான் துரைக்கு நெகிழ்ச்சி அடங்கவில்லை. அடுத்து வந்த கப்பலிலும் மாணவர்கள் ஏறவில்லை, தருமன் செத்த கதை மட்டும் கடிதமாக ஏறியது. ஒரு தியாகத் தந்தையின் ஊருக்குச் சங்கம் நேரில் போய் மரியாதை செய்யாமல் இருப்பது அழகல்ல என்று முடிவு செய்தார். படகுகள், மேளம், பட்டுச் சால்வை எல்லாம் ஏற்பாடாயின.

அங்கமுத்து சுப்பராயலுவின் காலில் விழாத குறை. "ஐயா, வேணாங்க. எங்க நைனா உயிரோட கீறாரு."

"தெரியுமே. நீர்தானே சொன்னீர்."

"அப்பறம் எப்படிங்க?"

"அவர் உயிரோடு இருப்பது அவருடைய சொந்த விவகாரம். சங்கம் அதில் தலையிடுவதில்லை" என்று சொல்லிவிட்டு, சுப்பராயலு சால்வையின் மடிப்பைச் சரிசெய்யப் போனார்.

படகுகள் ஏரியைக் கடந்து மணல்மேட்டுக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. தருமன் விடியற்காலையிலேயே ஏரிக்குப் போயிருந்தான். அன்றைக்கு அவனுடைய முறை. ஏரியில் மீன் நிறைய விழுகிற இடங்களுக்கு அந்த ஊரில் முறை வைத்துத்தான் போவார்கள். முறை உள்ள ஒவ்வொருவனுக்கும் கரையில் ஒரு கழி நட்டிருக்கும். கழி நிற்கிற வரைக்கும் அவனுக்கு ஏரியில் பங்கு.

மேளச் சத்தம் கேட்டு ஊர் திரண்டது. வரி கேட்க வந்திருக்கிறார்கள் என்று சிலர் வலையைச் சுருட்டிக்கொண்டு மறைந்தார்கள். ஊர்த் தலைவரான நாட்டார் பொன்னுரங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். சங்கத்தார் கையோடு கொண்டுவந்திருந்த பெட்டியை மணலில் கவிழ்த்தார்கள். சுப்பராயலு அதன் மேல் ஏறினார்.

"குப்பத்து ஜனங்களே! உங்கள் துக்கத்தை முதலில் கண்டுபிடித்தது எங்கள் சங்கம். நீங்கள் அழுதிருப்பீர்கள், ஆனால் முறையாக அழுதிருக்க மாட்டீர்கள். ஒரு மனிதன் கடலில் போவது சாதாரணம். அதை அவன் மகன் இவ்வளவு அழகாகச் சொல்வதுதான் சாதனை. தருமன் என்ற அந்த உத்தமர் இருந்திருந்தால் இன்று பெருமைப்பட்டிருப்பார். இல்லாததனால் நாங்கள் அவர் சார்பில் பெருமைப்படுகிறோம்."

ஜனங்கள் மலைத்துப்போய் நின்றார்கள். காலையில்தான் தருமன் ஏரிக்குப் போவதைப் பார்த்தார்கள். அந்த ஏரி வழியாக வந்தவர்கள் அவன் இல்லை என்கிறார்கள். கூட அவன் மகனும் வந்திருக்கிறான். வழியில் எதையோ கண்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது.

அங்கமுத்துவைப் பெட்டி மேல் ஏற்றினார்கள். அவன் ஏரியைப் பார்த்தான். நைனாவின் படகைக் காணோம். ஊர் ஜனங்களைப் பார்த்தான். பின்னால் கங்காதரனும் லோகநாதனும் சிரித்த முகத்தோடு நின்றார்கள். யோவான் துரை கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். வாய் பழகிப்போயிருந்தது. தானாகத் திறந்து தானாகச் சொன்னது. கடல் கொண்டுபோனதும், மூன்று நாளும், அலை வந்ததும், அவர் வராததும், எல்லாம்.

பொன்னுரங்கம் பெட்டிக்குக் கிட்டே வந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"எப்பா அங்கமுத்து. மூணு நாளு கீணு நாளு எனக்குப் புரியல. ஒண்ணு மட்டும் சொல்லு. உங்க நைனா பூட்டாரா? நீ சொல்றியா?"

அவர் அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் உண்டு. தண்ணீரில் போனவனுக்குப் பிணம் கிடைப்பது நிச்சயமில்லை. அதனால் பெற்ற பிள்ளை ஊர் நடுவில் நின்று தன் வாயால் சொன்னால்தான் அந்தக் குப்பத்தில் சாவு சாவாகும். வேறு யார் சொன்னாலும் ஊர் காத்திருக்கும். பிள்ளை சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சில்லை, கழியைப் பிடுங்கிவிடுவார்கள். இது அங்கமுத்துவுக்கும் தெரியும். பால் குடிக்கிற குழந்தையைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பெட்டி இல்லை, கப்பல் இல்லை, சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார ஆள் இல்லை. இத்தனை பேர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா" என்றான் அங்கமுத்து.

பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டு அங்காளம்மாள் தலைவிரி கோலமாக மணலில் விழுந்தாள். நாலு ஆட்கள் போய்த் தருமனின் கழியை அசைத்துப் பிடுங்கி, கரையில் படுக்க வைத்தார்கள். யோவான் துரை கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். சங்கத்தின் எந்த நிகழ்ச்சியும் அதுவரை இவ்வளவு சிறப்பாக நடந்ததில்லை.

அப்போதுதான் தருமன் வந்தான். படகைக் கரையில் இழுத்துப் போட்டுவிட்டு, மடவை மீன் நிறைந்த கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மணலில் ஏறி வந்தவன், அழுகைச் சத்தம் கேட்டு விரைந்து நடந்தான்.

"இன்னா ஆச்சி? யாரு பூட்டாங்க?"

அங்காளம்மாள்தான் மணலிலிருந்து தலையைத் தூக்கி, "நீதான்யா" என்றாள்.

யோவான் துரை, இந்த மனிதர் யார் என்று தன் பாஷையில் கேட்டார். சுப்பராயலு ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "இறந்தவருக்கு மிக நெருங்கிய உறவு" என்று மொழிபெயர்த்தார். துரை ஓடிவந்து தருமனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பினார். பட்டுச் சால்வையை அவன் தோளில் போர்த்தினார். தலையில் மீன் கூடையும் தோளில் சால்வையுமாகத் தருமன் நின்றான்.

"ஐயா, நான்தாங்க தருமன்" என்றான் சுப்பராயலுவிடம்.

"மெதுவாகப் பேசும்" என்றார் சுப்பராயலு. "நீர் காலமான விஷயம் போன கப்பலிலேயே ஒல்லாந்துக்குப் போய்விட்டது. அங்கே இந்தச் சங்கத்தை ஏற்படுத்திய துரைசானி அம்மாள் படித்துவிட்டு அழுதுகொண்டிருப்பாள். இனி நீர் உயிரோடு இருக்கிறீர் என்று எழுதினால், அந்த அம்மாளுடைய அழுகைக்கு யார் பொறுப்பு? ஒரு செய்தி தப்பாகலாம். ஒரு நெகிழ்ச்சி தப்பாகக் கூடாது."

தருமன் கூடையை இறக்கி வைத்தான். படுத்துக் கிடந்த தன் கழியைப் பார்த்தான். பிறகு பெட்டி மேல் நின்றுகொண்டிருந்த மகனைப் பார்த்தான். ஊர் வழக்கத்தை யாரும் அவனுக்குச் சொல்லத் தேவையில்லை.

"நீ சொன்னியா?"

"சொன்னேன் நைனா."

"ஏன்டா?"

அங்கமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "அங்க யாருமே எங்கூட பேசல நைனா."

தருமன் தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்து, மீன் கூடை மேல் ஈ மொய்க்காமல் மூடினான்.

பொன்னுரங்கத்துக்குத்தான் பெரிய சங்கடம். "தருமா, உன்னிய கண்ணால பாக்கறோம். உன் கூட பேசறோம். ஆனா பெத்த புள்ள ஊர் நடுவுல சொல்லிட்டான், கழிய படுக்க வெச்சிட்டோம். படுத்த கழி நின்னதா நம்ம ஊர்ல வழக்கமே இல்லையேபா. இன்னிக்கு உனக்கு நிமித்தினா, நாளைக்கு ஒருத்தனும் புள்ள சொல்ல நம்ப மாட்டான்."

"அப்ப நான் இன்னா பண்றது நாட்டாரே? ஏரிக்குப் போவாம எப்படி இருக்கறது?"

பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவன் ஏரியில் பங்கு கேட்டால் என்ன முறையோ அந்த முறை. ஊர் நடுவில் நின்று, தான் யார் என்று சொல்ல வேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஊருக்குச் சரி என்று பட்டால் புதுக் கழி நடுவார்கள், வரிசையில் கடைசியாக.

அறிமுகம் என்ற பேச்சு காதில் விழுந்ததும் சங்கத்தாருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. மாணவர்கள் வட்டமாக நின்றார்கள். சுப்பராயலு அங்கமுத்துவை இறக்கிவிட்டு, பெட்டியைத் தருமன் முன்னால் நகர்த்தி வைத்தார். "கையை நெஞ்சில் வைத்துக்கொள்ளும். தடையிலிருந்து ஆரம்பியும்" என்று காதோரம் சொல்லிக் கொடுத்தார்.

தருமன் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போய், மணலில் நின்றான்.

"பேரு இன்னாபா?" என்று கேட்டார் பொன்னுரங்கம். அவனோடு ஒன்றாகத் தண்ணீரில் விளையாடி வளர்ந்தவர் அவர். கேட்கும்போது அவருக்குக் குரல் உடைந்தது.

"தருமன்."

"யாரு மகன்?"

"சுப்பன் மகன்."

"எந்த ஊரு?"

தருமன் சுற்றிலும் பார்த்தான். அவன் பிறந்த குடிசை, அவனைப் பெற்றவர்களைப் புதைத்த மணல், அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற ஜனங்கள்.

"இந்த ஊருன்னுதான் இவ்ளோ நாளா நெனச்சினு இருந்தேன்" என்றான்.

"தொழிலு?"

"வல போடுவேன். ஒண்டியாத்தான்."

"பொண்டாட்டி?"

"வேலம்மா. செத்துப் பூட்டா."

கேட்க வேண்டியதில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பங்கு வாங்குகிறவனுக்குப் பின்னால் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதா என்று ஊர் தெரிந்துகொள்ள வேண்டும். பொன்னுரங்கம் கேட்கத் தயங்கினார். கேட்காமல் விட முடியவில்லை.

"புள்ள உண்டா?"

எல்லோரும் அங்கமுத்துவைப் பார்த்தார்கள். இல்லை என்று தருமன் சொன்னால் யாரும் அவனைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊர் நடுவில் நின்று பெற்றவன் சொன்னால் அதுவும் சொன்னதுதான். அங்கமுத்து அப்பன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கீறான்" என்றான் தருமன். "உயிரோடதான் கீறான்."

"எங்க கீறான்?"

தருமன் திரும்பி, சங்கத்தார் நடுவில் நின்றுகொண்டிருந்த பிள்ளையை நேராகப் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்த முகமா என்று தேடுகிறவன் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தான்.

"தெரியலீங்க நாட்டாரே. வூட்டுக்கு வந்தான்னா, நானே இட்டாந்து இன்னாருன்னு சொல்றேன்."

பொன்னுரங்கம் தலையை ஆட்டினார். வரிசையின் கடைசியில் புதுக் கழி நடச் சொன்னார். பிள்ளையின் பெயரை அவர் கேட்கவில்லை.